இந்த வீட்டில் அரிசி ஏறாது

தாராவி தொண்ணூறு அடி ரோட்டுப் பக்கம் வந்து, அரிசி இல்லாத தமிழ் வீடு எது என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடப் பேராச்சி வீட்டைக் கைகாட்டும். தைப்பொங்கலுக்கே கோதுமை ரவையில் பொங்கல் வைத்துக் குலவை போட்டவள் அவள். சூரிய பகவான் பெரிய மனசு பண்ணிப் பொறுத்துக்கொண்டார். எதிர்வீட்டுப் பெண்கள்தான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பேராச்சி அதையெல்லாம் சட்டை செய்கிற ஆள் இல்லை.

அவள் புருஷன் சுடலைக்கண்ணன் அதே தெருவில் பெல்ட் தைக்கும் பட்டறை, தாராவிப் பேச்சில் கார்கானா, வைத்திருந்தார். அவருக்குச் சர்க்கரை வந்தபோது, சோற்றைக் குறைக்கச் சொன்னார் டாக்டர். குறை என்றால் குறைக்கத் தெரியாது பேராச்சிக்கு. வேரோடு பிடுங்கத்தான் தெரியும். அன்று சாயங்காலமே அரிசி டிரம்மைக் கவிழ்த்து அக்கம்பக்கத்தில் பங்கு வைத்துக் கொடுத்துவிட்டாள். அதற்கப்புறம் அந்த வீட்டில் மூன்று வேளையும் கோதுமைதான். அப்படியும் சர்க்கரை இறங்கவே இல்லை. ஒவ்வொரு டெஸ்டுக்கும் ஏறிக்கொண்டே போனது. அவளும் விடாமல் அவர் தட்டில் அரை அரைச் சப்பாத்தியாகக் குறைத்துக்கொண்டே வந்தாள். மூன்று வருடத்துக்கு முன்னால் அவர் போய்ச் சேர்ந்தார். அரிசி மட்டும் திரும்பி வரவில்லை.

பேராச்சிக்கு அதில் ஒரு நஷ்டமும் இல்லை. பிறந்தது வளர்ந்ததெல்லாம் தாராவிதான். கல்யாணத்துக்கு முன்னால் சயானில் ஒரு பஞ்சாபி வீட்டில் சமையல் வேலை பார்த்தவள். காலையில் இரண்டு சப்பாத்தியும் கொஞ்சம் பருப்பும் உள்ளே போனால், உச்சி வெயில் சாய்கிறவரை வயிறு ஏன் என்று கேட்காது. சோறு தின்றால்தான் அவளுக்கு ஒரு மணி நேரத்தில் கரைந்து போய்க் கண் இருட்டும். ஆகவே உலகத்தில் உள்ள வயிறெல்லாம் தன் வயிறு போலத்தான் என்று தீர்மானமாக இருந்தாள். இல்லை என்று யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பாள்.

போன வருடம், அப்பாவுக்குப் பின் கார்கானாவைப் பார்த்துக்கொள்ளும் மகன் ராஜபாண்டிக்கு ஏரலில் பெண் எடுத்தாள். பெயர் முத்துமாரி. தாமிரபரணித் தண்ணீரில் விளைந்த நெல்லைத் தின்று வளர்ந்த பெண். வந்த முதல் நாள் சாப்பிட உட்கார்ந்தவள், இரண்டு சப்பாத்தியைத் தின்று முடித்தபிறகும் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். புதுப்பெண், எழுந்திருக்க வெட்கப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டு, பேராச்சி தன் வீட்டுச் சட்டத்தை அப்போதே சொல்லிவைத்தாள்.

"இந்த வீட்ல அரிசி ஏறாது தாயி. உங்க மாமா அரிசியாலதான் போனாவ."

முத்துமாரி தலையை ஆட்டிவிட்டுத் தட்டைக் கழுவப் போனாள்.

நல்ல பெண். செம்பூரில் ஒரு தையல் கடையில் பிளவுஸ் தைக்கும் வேலையும் அவளே தேடிக்கொண்டாள். உண்டானபிறகும் வேலையை விடவில்லை. பேராச்சி கட்டிக் கொடுக்கும் மத்தியானச் சாப்பாட்டு டப்பா தினமும் துடைத்துவைத்த மாதிரிக் காலியாக வரும். அதைப் பார்க்கும்போதெல்லாம் பேராச்சிக்கு உள்ளுக்குள் குளிரும்.

அதனால்தான் ஏழாம் மாதச் சோதனையில் டாக்டரம்மா சொன்னது அவளுக்கு மண்டையில் அடித்த மாதிரி இருந்தது. தாய்க்கு இரண்டு மாதமாக எடையே ஏறவில்லை. குழந்தையும் இருக்க வேண்டிய வளர்த்தி இல்லை. அடுத்த தடவைக்குள் தேறவில்லையென்றால் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிவரும் என்றார். அத்தோடு விட்டாரா? பேராச்சியைத் திரும்பிப் பார்த்து, "பெண் ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?" என்று இந்தியில் கேட்டார்.

பேராச்சிக்கு முகம் சிவந்துவிட்டது. அவள் வீட்டிலா சாப்பாட்டுக்குக் குறை? அன்றிலிருந்து சப்பாத்தியில் நெய் வழிந்தது. பன்னீர் வந்தது, பாதாம் ஊறியது, பால் காய்ந்தது. முத்துமாரி எல்லாவற்றையும் வாயில் போட்டுப் பார்ப்பாள். மூன்றாவது சப்பாத்தியை எடுத்தால் மட்டும் கண்ணில் நீர் முட்டும், "முடியல அத்தை" என்பாள். வயிற்றில் இடமில்லாதவளுக்கு உடம்பு ஏன் தேறமாட்டேன் என்கிறது? யார் கண் பட்டதோ என்று பேராச்சி மிளகாய் சுற்றிப் போட்டாள். வேறு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம் மட்டும் நெஞ்சுக்குள் கல்லாகக் கிடந்தது.

ஆடிக் கிருத்திகை வந்தது. புருஷன் போனதிலிருந்து பேராச்சி வெள்ளிதோறும் தாராவிக் கோயிலில் அன்னதானத்துக்குப் பரிமாறப் போவாள். தன் வீட்டில் சேர்க்காத சோற்றைக் கோயிலில் வாளி வாளியாக அள்ளிப்போடுவது அவளுக்கு விநோதமாகப் படவில்லை. அது சாமி காரியம், இது வீட்டுக் காரியம். பரிமாறும் பெண்களுக்குத் தலைவி பானுமதி. மாட்டுங்காவில் வங்கி வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், கறாரான ஆள். அன்று காலையில் அவள் போன் செய்தாள். செம்பூர் முருகன் கோயிலில் கூட்டம் தாங்காதாம், கை உதவிக்கு ஆள் வேண்டுமாம். முத்துமாரி வேலைக்குக் கிளம்பிப் போனபிறகு வந்த போன் அது. பேராச்சி குடையை எடுத்துக்கொண்டு மழையோடு மழையாகப் போய்ச் சேர்ந்தாள்.

பந்தியில் வரிசை வரிசையாக இலை விழுந்தது. பானுமதி வைத்திருக்கும் சட்டம் ஒன்று உண்டு. பரிமாறுகிறவர்கள் இலையைத்தான் பார்க்க வேண்டும், முகத்தைப் பார்க்கக் கூடாது. கைநீட்டிச் சாப்பிட வருகிறவருக்குக் கூச்சம் வந்துவிடக் கூடாது, பரிமாறுகிறவளுக்குப் பெருமையும் வந்துவிடக் கூடாது. சாப்பிடுகிறவர் இலைக்கு மேலே கையைக் காட்டி மறிக்கிறவரை போட்டுக்கொண்டே போக வேண்டும். பேராச்சி இதை வேதவாக்காக எடுத்துக்கொண்டவள். சோற்று வாளியை இடுப்பில் அணைத்துக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் வரிசையில் போய்க்கொண்டிருந்தாள்.

சுவரை ஒட்டி, வயசானவர்களுக்காகப் பெஞ்சு போட்டிருந்தார்கள். அங்கே ஒரு இலையில் இரண்டு கரண்டி வைத்துவிட்டு நகரப் போனாள். ஒரு கை வந்து சோற்றை அவசரமாக நடுவில் குழித்தது, சாம்பாருக்கு. அந்தக் கையில் பச்சைக் கண்ணாடி வளையல். அதற்கு நடுவே வெள்ளியில் வேப்பங்காப்பு.

அந்தக் காப்பை அவள்தான் போட்டாள். போன மாதம் வளைகாப்பில், தன் கையால்.

பேராச்சி சட்டத்தை மீறி நிமிர்ந்து பார்த்தாள். முத்துமாரியும் பார்த்தாள். வாயில் இருந்த சோற்றை விழுங்கவும் முடியாமல், துப்பவும் முடியாமல் அப்படியே இருந்தாள். பேராச்சிக்குக் கோயில் சத்தமெல்லாம் அடங்கிப்போன மாதிரி இருந்தது.

முதலில் வந்தது கோபம்தான். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? மானத்தை வாங்கிவிட்டாளே என்றுதான் நினைத்தாள். பேராச்சி மருமகளைப் பட்டினி போட்டு, வயிறும் பிள்ளையுமாகக் கோயில் பந்திக்குத் துரத்திவிட்டாள் என்று நாளைக்குத் தாராவி முழுக்கப் பேசுமே! பாதாம் என்ன, பன்னீர் என்ன, இவளுக்கு என்ன குறை வைத்தேன்? இழுத்துக்கொண்டு போய் நாலு வார்த்தை கேட்க வேண்டும் போல இருந்தது.

"பேராச்சி, என்ன நின்னுட்டே? அடுத்த இலையைப் பாரு," என்று பின்னாலிருந்து பானுமதியின் குரல் வந்தது.

பேராச்சி அடுத்த இலைக்குப் போனாள். அதற்கடுத்த இலைக்கும் போனாள். வரிசை முடிந்து மறுசோறு கேட்க அதே வழியில் திரும்பி வரும்போது, வேண்டாம் வேண்டாம் என்றாலும் கண் பெஞ்சுக்குத்தான் போனது. முத்துமாரியின் இலை துடைத்துவிட்டது போலக் கிடந்தது. தலை குனிந்திருந்தது. பேராச்சி ஒரு கரண்டி போட்டாள். கை மறிக்கவில்லை. இன்னொரு கரண்டி போட்டாள். மறிக்கவில்லை. குவியலாகப் போட்டாள். முத்துமாரி அழுதுகொண்டே, மூக்கைத் தோளில் துடைத்துக்கொண்டே பிசைந்து பிசைந்து தின்றாள். மூன்றாவது சப்பாத்திக்கு முடியல என்று கண்கலங்குகிற பெண்ணா இது? பேராச்சி மூன்றாம் தடவையும் வந்து போட்டாள். அப்போதுதான் அந்தக் கை மெதுவாக இலைக்கு மேலே வந்தது.

இத்தனை பசியா? ஒரே வீட்டில், கண்ணுக்கு எதிரே, இத்தனை பசியோடு ஒரு பெண் நடமாடியிருக்கிறாள். பேராச்சிக்கு வந்த கோபம் போன இடம் தெரியவில்லை. வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

பானுமதி ஓடிவந்தாள். பெஞ்சில் இருந்தவளை அப்போதுதான் அவளும் பார்த்தாள். வளைகாப்புக்கு வந்து ஆரத்தி எடுத்தவளாயிற்றே, தெரியாமல் போகுமா?

"பேராச்சி, அது உன் மருமக இல்ல?"

இல்லை என்று சொல்ல நாக்கு வரை வந்துவிட்டது. யாரோ ஒரு சாயலில் இருக்கிறாள் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். பேராச்சி எச்சிலை விழுங்கினாள்.

"ஆமா, எம் மருமவதான். வீட்ல நான் அவளுக்குச் சோறு போடல. அதான் இங்க வந்து திங்கா."

பானுமதி கீழே இருந்த வாளியைத் தானே எடுத்துக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனாள்.

கைகழுவும் குழாய்ப் பக்கம் முத்துமாரி ஒடுங்கி நின்றாள். பேராச்சி குடையை அவள் தலைக்கு மேல் பிடித்தாள்.

"எத்தன நாளா நடக்குட்டி இது?"

"ரெண்டு மாசமா அத்தை. தெனமும் இல்ல. அன்னதானம் இருக்கிற அன்னைக்கு மட்டுந்தான். மத்த நாளு தண்ணியக் குடிச்சுக்கிடுவேன்."

"அப்ப நான் குடுத்தனுப்புற டப்பாவ என்ன செஞ்ச? தூரப் போட்டியா?"

"ஐயோ, சத்தியமா இல்ல அத்தை. பதினோரு மணிக்கே எடுத்துத் தின்னுருவேன். ஒரு துண்டு வீணாக்கினதில்ல. ஆனா சப்பாத்தி தின்னா எனக்கு வயிறு அடைச்சுக்கிடுது. பசி போவ மாட்டேங்கு. சோறு தின்னாதான் தின்ன மாதிரி இருக்கு."

"ஓட்டல்ல வாங்கித் தின்னா என்ன?"

"ஓட்டல்ல தின்னா உங்களுக்குத் தெரியாம தின்ன மாதிரில்லா ஆவும். கோயில்ல தின்னா பிரசாதம். அது தப்பில்லன்னு நெனச்சேன்."

பேராச்சிக்கு அந்த நியாயத்தைக் கேட்டுச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"வாய் இருக்குல்லாட்டி? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டா என்ன?"

முத்துமாரி நிமிர்ந்து பார்த்தாள். "முத நாளு சப்பாத்தி தின்னுட்டு, அடுத்தாப்ல சோறு வரும்னு உக்காந்திருந்தேன். மாமா அரிசியாலதான் போனாவன்னு சொன்னிய. அதுக்கப்புறம் எப்படி அத்தை கேப்பேன்? மாமாவக் கொன்னத எனக்குத் தாங்கன்னு கேக்கவா?"

பேராச்சி குடையை அவள் பக்கம் இன்னும் சாய்த்தாள். மழை குடையில் சடசடவென்று விழுந்தது. "உம் புருசன்ட்டயாவது சொல்லலாம்லா?" என்றாள்.

"சொன்னேன். அவிய வடாபாவ் வாங்கிட்டு வந்து தருவாவ. அது தின்னா நெஞ்செரிச்சல். அம்மாட்ட சோறு மட்டும் கேட்டுராதன்னாவ."

"ஏனாம்?"

"கேட்டேன். சொல்லல."

இருவரும் ஆட்டோவில் திரும்பினார்கள். தாராவியில் இறங்கியதும் பேராச்சி நேராக அண்ணாச்சி கடைக்குப் போய் அரிசி கேட்டாள். கடைக்காரர் தராசை விட்டுவிட்டு அவள் முகத்தையே பார்த்தார். "எந்தக் கோயிலுக்கு அக்கா?" என்று கேட்டார். வீட்டுக்கு என்றாள். தன் காதில்தான் தப்பாக விழுந்ததோ என்று அவர் மறுபடியும் கேட்டார்.

சோறு வடிக்கிற பதம் கைவிட்டுப் போயிருந்தது. முதல் உலை குழைந்தே போயிற்று. அதை எடுத்து வைத்துவிட்டு மறுபடியும் வடித்தாள். பருப்புக் குழம்பு வைத்து, கத்தரிக்காய் வதக்கி, அப்பளம் பொரித்தாள். கஞ்சி வாடை வீடு முழுக்கச் சுற்றியபோது அவளுக்கே கள்ளத்தனமாக ஏதோ செய்கிற மாதிரி இருந்தது. சுவரில் மாலையோடு இருந்த புருஷன் போட்டோ பக்கம் அவள் திரும்பவே இல்லை.

விளக்கு வைத்துக் கொஞ்ச நேரத்தில் ராஜபாண்டி கார்கானாவிலிருந்து வந்தான். செருப்பைக் கழற்றப் போனவன் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"எம்மா, யாரு வந்திருக்கா?"

"யாரும் வரல. கைகாலக் கழுவிட்டு வந்து உக்காரு."

இரண்டு பேருக்கும் தட்டு வைத்துச் சோறு போட்டாள். முத்துமாரி தயங்கித் தயங்கித்தான் கை வைத்தாள். ராஜபாண்டி தயங்கவில்லை. சோற்றில் பாதியைப் பிரித்து ஒதுக்கினான், குழம்பை அளவாக வாங்கினான், அப்பளத்தை மேலே நொறுக்கினான், கட்டைவிரலால் தள்ளி ஒரே சீராக வாயில் போட்டான். பேராச்சி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மீசை முளைக்காத வயசிலிருந்து சோற்றைக் கண்ணால் பார்க்காதவன் தின்கிற தீனியா இது? பழகின கை அது. நேற்றும் தின்ற கை.

"ஏலே, நீ எங்க சோறு திங்க?"

அவன் கை நின்றது.

"கேக்கேம்லா. எங்க திங்க?"

"முகைதீன் அண்ணன் மெஸ்லம்மா. கார்கானாக்குப் பின்னால."

"மத்தியானம் நான் குடுக்கிற டப்பா?"

"அது கார்கானால வேல பாக்கிற பய்யா லோகுக்கு, வடக்கத்திக்காரனுவளுக்கு. அவங்களுக்குச் சோறு தின்னா நிக்காது. ரொட்டிதான் வேணும்பானுவ."

பேராச்சிக்கு ஆத்திரம் உச்சிக்கு ஏறியது. "நீ வயிறு முட்ட தின்னுட்டு வந்து படுத்துக்கிடுவ, வாயும் வயிறுமா இருக்கிறவ பசியோட கெடப்பா. சோறு கேக்காதன்னு அவ வாயவேற கட்டிப் போட்டிருக்க. நீயெல்லாம் ஒரு ஆம்பளையாலே? எத்தன நாளா அந்த மெஸ்ல திங்க?"

ராஜபாண்டி தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தான். முத்துமாரி அவன் முழங்கையைத் தொட்டாள்.

"சொல்லுலே!"

"கார்கானாக்கு வந்த நாள்லேருந்து. அப்பாதான் கூட்டிட்டுப் போனாவ."

"எந்த அப்பா?" என்று கேட்டாள் பேராச்சி. கேட்டது பைத்தியக்காரத்தனம் என்று அவளுக்கே தெரிந்தது.

"எம்மா, அம்மாட்ட சொல்லாதன்னு அப்பா சத்தியம் வாங்குனாவ. வீட்ல நீ போடுறத தின்னுட்டு வருவாவ. ஒரு மணி ஆனா கை நடுங்கும் அவிகளுக்கு. முகைதீன் மெஸ்ல போயி ஒரு தட்டு, மறு தட்டு வாங்கித் திம்பாவ. இவ சோறு கேட்டா பேச்சு அப்பாகிட்டதான் போய் நிக்கும்னு எனக்குப் பயம். அதான் வேண்டாம்னேன்."

பேராச்சி கையைத் தரையில் ஊன்றிக்கொண்டாள். ஒவ்வொரு டெஸ்டும் நினைவுக்கு வந்தது. சர்க்கரை ஏறும். அவள் அரைச் சப்பாத்தி குறைப்பாள். அவர் இன்னும் பசியோடு கிளம்புவார். அங்கே இன்னும் ஒரு கரண்டி கூடுதலாக விழும். மறுபடி ஏறும். மறுபடி குறைப்பாள். மருந்து சரியில்லை என்று டாக்டரோடு மல்லுக்கு நின்றிருக்கிறாள். புருஷனைக் காப்பாற்ற இரண்டு கையாலும் இழுத்துக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்திருந்தாளே, அவரை அந்த மெஸ்ஸை நோக்கித் தள்ளிக்கொண்டே போனது அந்தக் கைதானா? இந்த வீட்டில் வேளைக்கு ஒரு கைப்பிடி சோறு போட்டிருந்தால் அங்கே போய் அப்படித் தின்றிருப்பாரா? அவளுக்கு ஓவென்று அலற வேண்டும் போல இருந்தது.

"அத்தை, தண்ணி குடிங்க," என்று முத்துமாரி சொம்பை நீட்டினாள். பேராச்சி வாங்கவில்லை.

"கடைசியா எப்பலே தின்னாவ?"

"ஆஸ்பத்திரில சேத்தோம்லா, அதுக்கு முந்துன நாளு."

"வயிறார தின்னாவளா?"

அவள் திட்டுவாள், அடிப்பாள், மெஸ்ஸுக்கே கிளம்பிப் போய்ச் சண்டை பிடிப்பாள் என்று எதிர்பார்த்திருந்த ராஜபாண்டி இந்தக் கேள்விக்குத் திணறிப் போனான்.

"தின்னாவம்மா. அன்னைக்கு மீன் குழம்பு. ரெண்டு தடவ வாங்கித் தின்னாவ. எந்திரிக்கும்போது முகைதீன் அண்ணன் கையப் பிடிச்சு, இன்னைக்கு வயிறு குளுந்து போச்சு முகைதீன்னு சொன்னாவ."

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவருக்கு ஆக்கிப் போட்டவள் பேராச்சி. அந்த ஒரு வார்த்தையை அவர் அவளிடம் சொன்னதே இல்லை. அதைக் கொண்டுபோய் ஒரு மெஸ்காரனிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

அவள் பானையை இழுத்து முத்துமாரி பக்கம் வைத்தாள். ஒரு கரண்டி அள்ளித் தட்டில் போட்டாள். அள்ளிய வேகத்தில் பாதிச் சோறு தரையில் விழுந்தது. மறுபடியும் அள்ளினாள்.

"தின்னுட்டி," என்றாள். "எத்தன வேணும்னு நீ சொல்லு. நான் சொல்ல மாட்டேன்."